குறையின்மையும் நிறைவும்

கம்பளம் விற்போர் வாங்க வருவோரிடம் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாரசீகத்து மலைகளிலும் நடு ஆசியப் புல்வெளிகளிலும் வாழும் பழங்குடிப் பெண்கள், தாங்கள் முடியும் கம்பளத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பார்களாம். எங்கோ ஓர் எண்கோணத்தில் ஒரு கோடு பிசகியிருக்கும். ஏதோ ஒரு மூலையில் நிறம் மாறியிருக்கும். குறையற்றவர் இறைவன் ஒருவரே. குறையற்ற ஒன்றைச் செய்ய மனிதக் கை துணிவது அவரோடு போட்டியிடுவதாகும். ஆகவே அந்தச் சிறு பிழை அப்பெண்களுடைய தாழ்ச்சியின் அடையாளம் என்று கதை முடியும்.

கேட்பதற்கு இனிய கதைதான். இறைப்பற்றுள்ள எவரையும் இது தொடும். ஆனால், நெஞ்சைத் தொடுகின்ற ஒன்று உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கதை உண்மைதானா என்பது முதற்கேள்வி. உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது தாழ்ச்சிதானா என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டையும் கேட்கப் புகுந்தால், குறை என்றும் நிறைவு என்றும் நாம் சொல்லிவருகிற சொற்களையே மறுபடியும் எண்ணிப்பார்க்க வேண்டியதாகிறது.

முதலில் கம்பளம் உருவாகும் முறையைக் காண்போம். நமக்குப் பழக்கமான பவானி ஜமுக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு. முடிச்சுக் கம்பளத்தில் இவற்றோடு மூன்றாவது ஒன்றும் சேர்கிறது. அருகருகே உள்ள இரண்டு பாவு இழைகளைச் சுற்றிச் சாயமேற்றிய கம்பளி நூலைக் கையால் முடிந்து, நுனியை அறுத்துவிடுவார்கள். ஒரு வரிசை முழுவதும் முடிந்தபின் ஊடையைச் செலுத்தி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவார்கள். பின்னர் அடுத்த வரிசை தொடங்கும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு நிறப்புள்ளி. புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன. கோடுகள் சேர்ந்து சாய்சதுரமாகவும் எண்கோணமாகவும் விண்மீனாகவும் விரிகின்றன. முடிச்சுகள் மிக நெருக்கமாக இருந்தாலன்றி வளைகோடுகள் சரிவர அமையா. கூடார வாழ்வில், தரையில் முளையடித்துக் கிடத்திய தறியில், ஓரளவு பருத்த நூலைக்கொண்டு முடிகிறவர்களுக்கு நேர்கோடும் சாய்கோடுமே இயல்பாகக் கைவருகின்றன. பழங்குடிக் கம்பளங்கள் வடிவக் கணிதம்போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கலை மிகவும் தொன்மையானது. 1949-ஆம் ஆண்டில் சைபீரியாவின் தென்பகுதியிலுள்ள அல்த்தாய் மலைகளில், பாசிரிக் என்னுமிடத்தில், ருஷ்ய அகழ்வாய்வாளரான செர்கேய் ருதென்கோ ஒரு பழைய கல்லறையைத் திறந்தார். உள்ளே புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்துபோயிருந்ததால், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட முடிச்சுக் கம்பளம் ஒன்று அங்கே அழியாமல் கிடைத்தது. இரண்டு மீட்டருக்குச் சற்றொப்பச் சதுரமான அக்கம்பளத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36 முடிச்சுகள் உள்ளன. மொத்தம் 12 லட்சத்திற்கும் மேல். இன்று அது புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் எர்மித்தாழ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதை முடிந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

துர்க்மேனியரிடையே தெக்கே, யோமுத், சாலோர் முதலிய குலங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய எண்கோண முத்திரையைக் கம்பளத்தில் போற்றி வந்தன. இத்தகைய ஐந்து கம்பள முத்திரைகளை 1992-ஆம் ஆண்டு முதல் துர்க்மேனிஸ்தான் நாட்டின் கொடியிலேயே காணலாம். இந்தக் கோலங்களைப் பெண்கள் பெரும்பாலும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு முடிவதில்லை. தாயின் அருகில் அமர்ந்து கண்டதும் எண்ணியதுமே அவர்களுக்கு ஏடு. மார்கழி விடியலில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் நம் வீட்டுப் பெண்களும் இப்படியே கற்றார்கள். பதினைந்து புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் இழை வந்து சேராது. அந்தக் கணக்கை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

இனி, பிழைகளுக்கு வருவோம். பழைய பழங்குடிக் கம்பளத்தில் பிழைகள் உண்டு, ஏராளமாகவே உண்டு. ஒரே சிவப்பு கம்பளத்தின் பாதியில் சற்று வெளிறியிருக்கும். மஞ்சிட்டி வேரைக் காய்ச்சி ஒரு கொப்பரையில் ஏற்றிய சாயமும் அடுத்த கொப்பரையில் ஏற்றிய சாயமும் ஒன்றுபோல் அமைவதில்லை என்பதே அதற்குக் காரணம். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். தென் ஈரானின் கஷ்காய் மக்கள் குளிர்காலத்தில் தாழ்நிலத்திலும் கோடையில் ஸாக்ரோஸ் மலையின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களிலும் மந்தையோடு வாழ்ந்தவர்கள். புறப்படும் நாள் வந்தால், பாதி முடிந்த கம்பளத்தைத் தறியோடு சுருட்டி விலங்கின் முதுகில் ஏற்றிவிடுவார்கள். புது இடத்தில் மறுபடியும் முளையடித்துக் கட்டும்போது பாவின் இறுக்கம் முன்போல் இராது. நடுவில் ஒரு குழந்தை அழுதிருக்கலாம்; மகள் வந்து நாலு வரிசை முடிந்திருக்கலாம். எல்லாம் கம்பளத்தில் பதிந்திருக்கின்றன.

ஆக, வேண்டுமென்று பிழை செய்ய வேண்டிய தேவை அப்பெண்களுக்கு எழவேயில்லை. பிழை தானாகவே வந்தது. விட்டுவைத்த பிழை என்னும் கதைக்கு முடிபவர்களிடமிருந்து கிடைத்த நல்ல சான்று இல்லை. அது விற்பவர்களிடமே செழித்திருக்கிறது. இதே கதையை அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையின்மேலும் ஏற்றிச் சொன்னார்கள். போர்வை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதையும் கட்டுக்கதை என்றே ஒதுக்கினர்.

கதை உண்மையாகவே இருந்தால்தான் என்ன? ஒருவர் வேண்டுமென்றே பிழை செய்கிறார் என்றால், அவ்வாறு செய்யாதிருந்தால் தம் வேலை குறையற்றதாகவே அமைந்திருக்கும் என்று அவர் நம்புகிறார் என்றே பொருள். எனக்குக் குறையில்லை, உமக்காக ஒரு குறையை வைக்கிறேன் என்று இறைவனிடம் சொல்வது தாழ்ச்சியாகுமா? கோவிலில் நின்று தன் நோன்பையும் தன் காணிக்கையையும் எண்ணிக்காட்டிய பரிசேயன், போகிற போக்கில் ஒரு சிறு குற்றத்தையும் சேர்த்துக்கொண்டது போலத்தான் அது ஆகும். குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு வைக்கிற தாய்கூட, தன் குழந்தை அழகு என்ற நினைவோடுதான் வைக்கிறாள். உண்மையான தாழ்ச்சி குறையைத் தேடிச் செய்வதில்லை. முடிந்தவரை நன்றாகச் செய்கிறது. அப்படியும் வந்துவிட்ட குறையை மறைக்காமல் மேலே நடக்கிறது.

இவ்வாறு, ஏடு பாராமல், நினைவிலிருந்தே வடிவக் கோலங்களை நெய்பவர்களைக் காண நாம் பாரசீகம்வரை போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூரின் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைகளிலேயே அவர்கள் இருக்கிறார்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் வாழும் முதுவர்களும், போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டக் காடுகளில் வாழும் மன்னான் மக்களும், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிவருகிறார்கள். மதுரை மீனாட்சியின் உருவை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்பது அவர்களுடைய மரபுரை. மன்னான் மக்களுக்குக் கட்டப்பனைக்கு அருகிலுள்ள கோவில்மலையில் இன்றும் ஓர் அரசர் உண்டு. இவர்கள் பேசும் மொழி நம் காதுக்கு அயலானதன்று.

ஊராளி, மன்னான், முதுவர் முதலிய இம்மலைமக்கள் நெய்வது கண்ணாடிப்பாய். கம்பளி இல்லை, முடிச்சும் இல்லை. ஈற்றை என்னும் நாணல்போன்ற மெல்லிய மூங்கிலை வெட்டி, பிளந்து, தாள்போல் மெல்லிய கீற்றுகளாகச் சீவி, அவற்றை மேலும் கீழும் கோத்துச் சதுரமும் சாய்சதுரமுமாகக் கோலம் விரிக்கிறார்கள். பாயின் கோலம் வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல் மின்னும். பெயருக்குக் காரணம் அதுவே. நன்கு நெய்த பாயைச் சுருட்டி ஒரு மூங்கில் குழாய்க்குள் அடக்கிவிடலாம் என்பார்கள். அக்காலத்தில் அரசர்களுக்குக் காணிக்கையாகச் சென்ற பாய் இது. 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பாய்க்குப் பல வார உழைப்பு வேண்டும். நெய்யத் தெரிந்த கைகளோ மிகச் சிலவே.

அந்தப் பாயையும் உற்றுப் பாருங்கள். ஒரு கீற்று பசுமை கலந்திருக்கும். அடுத்தது வைக்கோல் நிறத்தில் இருக்கும். கீற்றின் நீளத்தைக் கணுவுக்குக் கணு அந்தச் செடியே தீர்மானித்துக் கொடுத்திருக்கிறது. நெய்பவர் அதோடு இணங்கிப்போகிறார். பொருளைத் தன் விருப்பத்திற்கு நொறுக்காமல், கொடுக்கப்பட்டதைக் கொண்டு நல்லதைச் செய்கிற இந்த இணக்கமும் ஒருவகை இறைவேண்டல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறையே இல்லாத கம்பளம் உலகில் இல்லாமலில்லை. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆகவே அதைச் செய்விக்கிறவர்களும் உண்டு. ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை முடிச்சு என்று எண்ணி விலை வைக்கும் சந்தை தோன்றியபோது, சிறிய விரல்கள் நுண்ணிய முடிச்சுக்கு ஏற்றவை என்ற கொடிய பேச்சும் கூடவே தோன்றியது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர், பதோஹி வட்டாரத் தறிகளுக்குப் பீகாரிலிருந்து சிறுவர்கள் கொண்டுவரப்பட்டதும், அவர்களை மீட்கக் கைலாஷ் சத்யார்த்தி முதலியோர் போராடியதும் நாடறிந்தவை. குழந்தைக் கை படாத கம்பளம் என்று சான்றளிக்கும் ரக்மார்க் முத்திரை 1994-இல் தொடங்கியது அந்தப் போராட்டத்தின் பயனாகவே. சத்யார்த்தி 2014-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

பாகிஸ்தானின் முரித்கே ஊரில் ஓர் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் இக்பால் மாசி. குடும்பம் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்காக நான்கு வயதில் கம்பளத் தறியில் அமர்த்தப்பட்டான். பத்து வயதளவில் தப்பித்து வெளியேறி, தன்னைப் போன்ற பிள்ளைகளின் விடுதலைக்காகப் பேசத் தொடங்கினான். 1994-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவனுக்கு மனித உரிமை விருது வழங்கப்பட்டது. 1995 ஏப்ரல் 16-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. அத்தகைய பிள்ளைகள் முடிந்த கம்பளங்களில் ஒரு முடிச்சும் பிசகாதிருந்திருக்கலாம். கோணிய எண்கோணம் கொண்ட கூடாரக் கம்பளத்தையும் இதையும் அருகருகே விரித்தால், எதை நாம் குறையுள்ளது என்போம்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பைச் செய்யப்பட்ட வேலையின் வகையைக்கொண்டு அளக்காமல், செய்பவர் ஒரு மனித ஆள் என்பதைக்கொண்டே அளக்க வேண்டும் என்று கற்பித்தார். நம் கண்ணோ பெரும்பாலும் பொருளோடு நின்றுவிடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் ஓவியர் ஹான்ஸ் மெம்லிங், அன்னை மரியாவை அரியணையில் அமர்த்தி, அவர் காலடியில் கீழைநாட்டுக் கம்பளம் ஒன்றை விரித்து வரைந்தார். கொக்கிகள் சூழ்ந்த அந்தக் கம்பளக் கோலத்திற்குக் கலை நூல்கள் இன்று மெம்லிங்கின் பெயரையே சூட்டியிருக்கின்றன. இறைவனின் தாய் காலூன்றும் கம்பளத்தை முடிந்த பெண், நம் மறையைச் சேராத யாரோ ஒருத்தி, பெயரின்றிப் போனாள். விடுதலைப் பயண நூல் இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. சந்திப்புக் கூடாரத்தை அமைத்த பெட்சலேலையும் ஒகொலியாபையும் பெயர் சொல்லி, குலமும் சொல்லி, அவர்களுக்குக் கைத்திறனைத் தந்தவர் இறைவனே என்றும் சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அது நேர்மையான மறுப்பு. குறையைப் போற்றத் தொடங்கினால் சோம்பலும் கவனக்குறைவும் புண்ணியமாகிவிடாவா? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடங்களை நாம் அறிவோம். பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்ததையும் வெளிறியதையும் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். சல்லடையில் பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். நிறமும் பருமனும் ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கின்றன. வெளிறிய காயைப் பச்சைக் காயென்று விற்பது தாழ்ச்சி அன்று, ஏமாற்று. சந்திப்புக் கூடாரத்துத் திரைகளுக்கும் முழக்கணக்கு இருந்தது. பெட்சலேல் அதை மீறவில்லை. நல்ல வேலை என்று ஒன்று உண்டு; அதற்கு அளவுகோலும் வேண்டும். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால், காய்க்கு வைத்த சல்லடையை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறுகிற பெண்களை நாம் எந்தத் துளையுள்ள சல்லடையில் இடுகிறோம்? வயது ஏறிக் கண் மங்கியவர், கருவுற்றவர், கை நடுங்குபவர் ஆகியோரை வெளிறிய காய்போல ஒதுக்கும்போது, பொருளுக்குரிய அளவுகோல் ஆளின்மேல் ஏறிவிடுகிறது. இது தோட்டத்தில் மட்டும் நடப்பதன்று. மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் வீட்டில் குரல் மாறுகிறது. மனவளர்ச்சி குன்றிய மகனைத் திருவிழாவிற்கு அழைத்துவரக் கூசுகிற குடும்பம் நம் பங்கிலேயே இருக்கலாம். அவர்களைக் கூச வைத்தது நம் பார்வையாகவும் இருக்கலாம்.

மலைப்பொழிவில் ஆண்டவர், விண்ணகத் தந்தையைப் போல நாமும் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில், நம் திருவிவிலிய மொழிபெயர்ப்பு நிறைவு என்ற சொல்லை ஆள்கிறது. அது குறையின்மை என்ற சொல்லிலிருந்து வேறானது. கிரேக்க மூலச் சொல்லுக்கும் தன் முடிவை எட்டியது, முழுவளர்ச்சி பெற்றது என்றே பொருள். அந்த நிறைவை ஆண்டவர் எங்கே காட்டுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒன்றுபோல் எழும் கதிரவனிலும், அனைவர்க்கும் பெய்யும் மழையிலும் காட்டுகிறார். குறையின்மை விலக்கி விலக்கிச் சிறிதாகிறது. நிறைவோ சேர்த்துச் சேர்த்துப் பெரிதாகிறது.

இதற்கு மேலான சான்று உயிர்த்த ஆண்டவரின் திருவுடலே. சாவை வென்ற உடல் அது. மாட்சி பெற்ற உடல். அதில் ஆணித் தழும்பு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் தோமா கண்டது தழும்பைத்தான். தந்தை அவற்றைத் துடைத்து மறைக்கவில்லை. அன்பு செய்து பெற்ற காயங்கள் மாட்சிக்குள்ளும் எடுத்துச்செல்லப்பட்டன. நிறைவு என்பது தழும்பில்லாத நிலை என்றால், உயிர்த்த ஆண்டவரையே நாம் குறையுள்ளவர் என்று சொல்ல நேரிடும்.

கஷ்காய்ப் பெண்ணிடம் இன்னொரு முறை திரும்புவோம். புது மேய்ச்சல் நிலத்தில் தறியை விரித்து முளையடிக்கிறாள். பழைய இடத்தில் முடிந்த பகுதி சற்றுக் கோணியிருக்கிறது. அங்கே காய்ச்சிய சிவப்பு இங்கே கிடைக்கவில்லை. அதற்காக அவள் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதில்லை. விட்ட வரிசையிலிருந்தே தொடர்கிறாள். புதிய சிவப்பையும் பழைய சிவப்பையும் ஒரே எண்கோணத்துக்குள் கொண்டுவருகிறாள்.

ஒப்புரவு அருளடையாளத்தில் நமக்கு நடப்பதும் ஏறத்தாழ இதுவே. வேண்டுமென்றே செய்த பாவம் கம்பளத்தின் கோணல் போன்றதன்று. அது மன்னிக்கப்பட வேண்டியது, மன்னிக்கப்படுகிறது. ஆனால் மன்னிப்புப் பெற்றபின், வாழ்ந்த ஆண்டுகளை இறைவன் அவிழ்த்து எறிவதில்லை. விட்ட இடத்திலிருந்து நம்மோடு தொடர்கிறார். அப்படித் தொடர்கிறவரின் பிள்ளைகள், அடுத்தவர் வாழ்வில் கோணிய ஒரு வரிசையைக் கண்டதும் முழுக் கம்பளத்தையும் ஒதுக்கிவிடலாமா?